நெட்டாங்குளத்து மீன்களின் காலாவதித் தேதி

நெட்டாங்குளத்து மீன்கள் ஓடுவதை நிறுத்திவிட்டன என்பதை முதன்முதலில் கண்டறிந்தவர் அமிர்தநாதன். அதைக் கண்டறிந்த குற்றத்திலிருந்துதான் பின்னர் அவர் பட்ட பாடெல்லாம் கிளைத்தது. ஆகையால், எவ்வாறு கண்டறிந்தார் என்பதை விளக்கமாகவே சொல்லிவிடுவது முறை.

கோவையிலிருந்து சோமனூருக்குச் செல்லும் சாலையை விட்டு இடப்பக்கம் இறங்கினால் நெட்டாங்குளம். அதை நம்பி இருபத்தாறு மீன்பிடிக் குடும்பங்கள் இருக்கின்றன. விடிந்ததும் பரிசலில் சென்று வலையை வளைத்துக் கட்டுவார்கள். கட்டிய பிறகு துடுப்பால் தண்ணீரை ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். ஓசைக்கு அஞ்சி ஓடும் மீன், வலைக்கண்ணில் தலையை நுழைத்துச் செவுள் சிக்கி நிற்கும். மீனின் அச்சமே அந்த இருபத்தாறு குடும்பங்களுக்கும் சோறு.

தை மாதத்தில் ஒருநாள் காலை அமிர்தநாதன் துடுப்பால் அடித்தார். மீன்கள் ஓடவில்லை. மறுபடியும் அடித்தார். கட்லாவும் ரோகுவும் ஜிலேபியும் மேலே வந்து, யார் அடிப்பது என்று பார்ப்பவைபோல் பரிசலைச் சுற்றி நின்றன. வலை வெறுமையாகக் கிடந்தது. அவர் கையைத் தண்ணீரில் விட்டார். ஒரு கட்லா வந்து உள்ளங்கையின்மேல் அமைதியாகப் படுத்துக்கொண்டது. ஐம்பத்து மூன்று வயதில், முப்பத்தைந்து ஆண்டுத் தொழிலில், அமிர்தநாதன் ஒரு மீனைக் கண்டு அஞ்சியது அன்றுதான்.

கரையில் நின்ற அவர் மனைவி அமலி கூவினாள்: “ஏனுங்க, இதென்னங்க மீனெல்லாம் பிரசங்கம் கேக்கற சனமாட்ட அசையாம நிக்குது?”

“தெரியலியே அம்மணி. அடிச்சா ஓட மாட்டீங்குது.”

“அதுமட்டுமுங்களா? ஒரு மாசமா நான் அறுத்த மீனு பூராவும் சினைதானுங்க. ஆம்பள மீனு ஒண்ணுகூடக் கண்ணுல படலை. இத்தன சினை இருந்தும் குளத்துல ஒரு குஞ்சைக் காணோம்.”

இருவரும் வடகரையைப் பார்த்தார்கள். எட்டு மாதங்களுக்கு முன் மருந்துத் தொழிற்சாலையொன்று அங்கே ஒரு குழாயைக் கொண்டுவந்து விட்டிருந்தது. அதிலிருந்து வந்த தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. நாக்கில் வைத்தால், மாத்திரையை மெல்லக் கரைத்தாற்போல் கசந்தது. அந்தக் குழாயை மூட வேண்டும், மீன் சாவதற்குள் மூட வேண்டும்: அமிர்தநாதன் வேண்டியது இவ்வளவே. இதைவிடக் குறைவாக வேண்டுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

நீர்த்தூய்மைக் காப்பு வாரியத்தின் அலுவலகம் காந்திபுரத்தில், ஒரு துணிக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. வாசலில் இருந்த குடிநீர்த் தொட்டியின்மேல் ‘தண்ணீர் இல்லை’ என்று அழகிய கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். உதவிப் பொறியாளர் கிருபாசங்கர் கனிவான மனிதர். எவரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார்.

“உக்காருங்கண்ணா. மீனு செத்துப்போச்சுங்களா?”

“இன்னும் சாகலீங்க. சாகறதுக்குள்ள காப்பாத்தலாமுன்னுதானுங்க வந்தது.”

“அடடா!” என்று கிருபாசங்கர் மனம் வருந்தினார். “சாகலைன்னா நான் என்னங்க பண்றது? எங்க படிவத்துல ‘இறந்த மீன்களின் எண்ணிக்கை’ன்னு ஒரு கட்டம் இருக்குது. சீக்காளி மீனுக்குக் கட்டமே இல்லீங்க. சைபர்னு எழுதினா, சைபரைப் பாக்கறதுக்கு எதுக்கு ஜீப்புன்னு டீசலை வெட்டிப்போடுவாங்க.”

“எத்தன செத்தா வருவீங்க?”

“ஐநூறுன்னா நான் வருவனுங்க. ஆயிரம் தாண்டுச்சுன்னா மேலதிகாரியே வருவாரு. உங்க நல்லதுக்குத்தாஞ் சொல்றேன், அவசரப்படாதீங்க. சித்தெ பொறுத்துப் பாருங்க.”

அமிர்தநாதன் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். இவ்வாறு பதினொரு முறை ஏறினார். பதினொரு முறையும் நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். பன்னிரண்டாம் முறை ஏறத் தேவை எழவில்லை. உலகத் தண்ணீர் நாள் விழா கொண்டாட வாரியத்துக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. பந்தல் போட நிழல் உள்ள கரை நெட்டாங்குளத்துக்கு இருந்தது.

விழாவன்று கிருபாசங்கர் படியில் இறங்கித் தண்ணீரில் கையை விட்டார். ஒரு ரோகு வந்து அவர் கையில் படுத்தது. புகைப்படக்காரர் நான்கு கோணங்களில் படம் எடுக்கும்வரை அது பொறுமையாகவே இருந்தது. நெகிழ்ச்சியடைந்த பொறியாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! பதினான்கு ஆண்டுகளாக நான் குளம் குளமாகச் செல்கிறேன். வாரியத்தைக் கண்டு ஓடாத மீனை இன்றுதான் கண்டேன். இது நம் நிருவாகத்தின்மீது நீர்வாழ் உயிர்கள் வைத்துள்ள நம்பிக்கை! குழாயில் மருந்து வருகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எங்கள் பட்டியலில் நாற்பத்திரண்டு நஞ்சுகள் இருக்கின்றன. நாற்பத்திரண்டையும் தேடினோம், ஒன்றும் இல்லை. நாற்பத்து மூன்றாவதை ஏன் தேடவில்லை என்று கேட்கிறார்கள். தேடினால் கிடைத்துவிடுமே! கிடைத்தால் அதற்குத் தனிப் பிரிவு திறக்க வேண்டும், ஆள் போட வேண்டும், அந்த ஆளுக்கு நாற்காலி வேண்டும். நான் உங்களைக் கேட்கிறேன்: நாமெல்லாம் காசு கொடுத்து வாங்கும் மருந்து, குளத்துக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இதை மாசு என்பதா, மானியம் என்பதா?”

தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். அமிர்தநாதனும் பண்பு கருதி இரண்டு முறை தட்டினார்.

மறுநாள் செய்தித்தாளில் வந்த அந்தப் படத்தைப் பார்த்து, தமிழ்நாட்டிலேயே ஒரே ஒருவர்தான் திடுக்கிட்டார். அவர் மீன்வளம் பயிலும் ஆய்வு மாணவி ஹிபா. அதிகாரியின் கையில் படுத்திருக்கும் மீன் நலமாக இருக்க வழியில்லை என்பது அவருடைய படிப்பின் துணிபு. பேருந்து பிடித்து வந்து, புட்டிகளில் தண்ணீரும் பனிக்கட்டிப் பெட்டியில் மீனும் எடுத்துச் சென்றார். ஆறு வாரங்கள் கழித்து ஆய்வறிக்கையோடு திரும்பி வந்தார்.

“மூணு மருந்து இருக்குதுங்கண்ணா. ஒண்ணு, மனப்பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கறது. அதுனாலதான் மீனுக்குப் பயம் மறந்துபோச்சு. கொக்கு வந்து கொத்தினாலும் ஓடாது. இன்னொண்ணு, பொம்பளைங்களுக்குக் குடுக்கற ஹார்மோன் மாத்திரை. ஆண் மீன் வயித்துலயும் முட்டை வந்திருக்கு. அதான் குஞ்சு இல்லை.”

“மூணாவதுங்க?”

“புண்ணு ஆத்தற மருந்து. தண்ணில தெனமும் கொஞ்சங் கொஞ்சமா இருந்தா, கிருமி அதுக்குப் பழகிக்கும். நாளைக்கு மீன் முள்ளு குத்தி உங்க கை சீழ் புடிச்சா, அந்த மருந்து கேக்காதுங்கண்ணா. குழாயை உடனே மூடச் சொல்லுங்க. இன்னும் ஒரு கோடை தாங்காது.”

அன்றே இருபத்தாறு குடும்பங்களும் மீன் விற்பதை நிறுத்தின. ஞாயிறுதோறும் வந்து வாங்கும் விசைத்தறிக்காரர்கள், கேட்டுப் பார்த்துவிட்டுக் கோழிக்கடைக்குப் போனார்கள். அமிர்தநாதனுக்கோ உள்ளுக்குள் ஒரு நிம்மதி. அச்சடித்த சான்று கைக்கு வந்துவிட்டதல்லவா? அமர்ந்து மனு எழுதினார். தாம் செய்ததை மறைத்து மனு எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ஆகவே, ‘இந்த மருந்து கலந்த மீன்களைச் சென்ற ஞாயிறு வரை அறியாமல் விற்றுவிட்டோம்; அறிந்தபின் நிறுத்திவிட்டோம்’ என்று ஒரு வரி சேர்த்தார்.

அமலி எட்டிப் பார்த்தாள். “அதெதுக்குங்க எழுதறீங்க? குழாயைப் பத்தி மட்டும் எழுதினாப் போதாதுங்களா?”

“சொல்லாம உட்டா பொய்யாயிருமல்லோ அம்மணி. அவிய படிச்சவிய. உண்மையச் சொன்னா நம்பளைப் புரிஞ்சுக்குவாங்க.”

கொங்கு நாட்டில் ஆறு ஓடும் வரையில் மறக்கலாகாத பிழை அது.

மனுவைப் படித்த வாரியம், அதில் ‘மருந்து’ என்னும் சொல் பதினேழு இடங்களில் வருவதையும் ‘தண்ணீர்’ என்னும் சொல் ஒன்பது இடங்களிலேயே வருவதையும் எண்ணிப் பார்த்து, இது தன் எல்லைக்கு உட்பட்டதன்று எனத் தீர்மானித்தது. மனு, மருந்து விற்பனை நெறியாணையத்துக்கு அனுப்பப்பட்டது. அதன் ஆய்வாளர் லட்சுமணசாமி நான்காம் நாளே நெட்டாங்குளத்துக்கு வந்துவிட்டார். அரசு வண்டியைக் கண்ட அமிர்தநாதன் மகிழ்ச்சியோடு ஓடிச்சென்று தேநீர் வாங்கிவந்தார்.

தேநீரை அருந்தியபின் ஆய்வாளர் ஏட்டைத் திறந்தார். “ஏனுங்க, மருந்து வித்தது நீங்கதானுங்களா?”

“மீனு வித்தனுங்க.”

“மீனுக்குள்ள?”

“மருந்து இருந்துச்சுங்க. ஆனா அது எனக்குத் தெரியாதுங்க.”

“என்ன மருந்துன்னு தெரியாம விக்கறது தனிக் குற்றமுங்க. அதை அடுத்த பக்கத்துல எழுதிக்கறேன்.” எழுதிக்கொண்டார். “தூக்க மருந்தை டாக்டர் சீட்டு இல்லாம விக்கப்படாது. நீங்க அதைக் கொழம்புக்குத் தோதாத் துண்டு போட்டே குடுத்திருக்கீங்க. உரிமம் இருக்குதுங்களா?”

“மீன்பிடி உரிமம் இருக்குதுங்க.”

“மருந்துக்கடை உரிமம்?”

“குளத்துக்குங்களா?”

“வெச்சிருக்கற எடம் எதுவோ அதுக்குத்தானுங்க. பத்துக்குப் பத்துல அறை, குளிர்பதனப் பெட்டி, பட்டம் வாங்கின மருந்தாளுநர் ஒருத்தர். மருந்தாளுநர் வேலை நேரத்துல உள்ளயே இருக்கோணும்.”

“தண்ணிக்குள்ளயாங்க?”

“அது உங்க வசதிங்க. அதுல ஆணையம் தலையிடாது.”

அமிர்தநாதனுக்குக் கண்கள் கலங்கின. “சார், அந்த மருந்தை ஊத்தறது குழாய்ங்க. குழாய்க்காரங்களைக் கேக்க மாட்டீங்களா?”

லட்சுமணசாமி பொறுமையாக விளக்கினார். “நல்லா யோசிங்க. அவிய கிட்ட உற்பத்தி உரிமம் இருக்குது. மருந்து செஞ்சு அனுப்பறது அவிய தொழில், சட்டப்படி சரி. அனுப்பின மருந்தை உரிமம் இல்லாம வாங்கிச் சேத்து வெச்சிருக்கறது யாரு? உங்க குளம்.”

அன்று மாலையே குளம் கைப்பற்றப்பட்டது. பரிசல்களைக் கவிழ்த்து அரக்கு வைத்தார்கள். கைப்பற்றிய மருந்தை எண்ணிப் பதிவு செய்வது விதி என்பதால், மீன்களை எண்ணுவதற்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஓடாத மீன்கள் அவர்களுக்கு நன்கு ஒத்துழைத்தன. பதினொரு நாளில் எண்ணி முடித்தார்கள். ஏட்டில் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு தொகுதி எண் தரப்பட்டது. ‘வடிவம்’ என்ற இடத்தில் மாத்திரை, ஊசி, களிம்பு என்னும் மூன்றில் எதுவும் பொருந்தாமையால் ‘ஏனையவை’ என்று எழுதினார்கள். காலாவதித் தேதி மீனின்மேல் எங்கும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. ஆகவே, மூவர் குழு மூன்று முறை கூடி, தொண்ணூறு நாள் என்று வகுத்தது. வைகாசி பதினொன்றாம் நாள் கரையில் ஒரு பலகை நட்டார்கள்: ‘இக்குளத்தில் இருப்பவை மருந்துகள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.’

குழாய் மட்டும் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

ஆனி மாதம் முழுவதும் அமிர்தநாதன் கரையிலேயே கிடந்தார். குளத்தில் இறங்கினால் வழக்கு. இறங்காவிட்டால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீர்க்காகங்கள் வந்து, துரத்தவேண்டிய வேலையே இல்லாமல் தின்றன. தின்றவை மடுவோரத்துப் பாறையில் சிறகை விரித்தபடி பறக்க மறந்து அமர்ந்திருந்தன. மற்றக் குடும்பங்களின் ஆண்கள் ஒவ்வொருவராக நூல் ஆலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். “நீங்களும் போங்களேன்” என்று அமலி ஒருநாள் சொன்னாள். “மீனைத் தனியா உட்டுட்டா?” என்று அவர் கேட்டார்.

ஆடி பிறந்த மூன்றாம் வாரத்தில் வடகரையோரம் மீன்கள் மல்லாந்து மிதக்கத் தொடங்கின. அமிர்தநாதன் கரையில் நின்று எண்ணினார். அறுநூற்று நாற்பது. எண்ணி முடித்ததும் தலையில் கைவைத்து அழுதார். அழுது முடித்ததும், கைக்கு எட்டியவற்றை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு பேருந்தில் ஏறினார். நாற்றம் தாளாமல் நடத்துநர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அங்கிருந்து காந்திபுரம்வரை நடந்தே சென்று மூன்று மாடி ஏறினார்.

“சார், செத்துப்போச்சுங்க. அறுநூத்தி நாப்பது. நீங்க கேட்டதுக்கு மேலயே செத்துப்போச்சுங்க. இனி வரலாமல்லங்க?”

கிருபாசங்கர் மெய்யாகவே எழுந்து நின்றார். “அண்ணா! இதை முன்னயே கொண்டாந்திருக்கலாமுங்களே!” என்று படிவத்தை எடுத்தார். பிறகு கோப்பைப் புரட்டினார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

“ஒரு சின்ன சிக்கலுங்க. நெட்டாங்குளத்துல மீனே இல்லீங்களே. வைகாசி பதினொண்ணுல இருந்து ஏட்டுப்படி அங்க இருக்கறது மருந்து. ஆகவே இது செத்த மீன் ஆகாதுங்க. காலாவதியான மருந்து.”

“தேதிக்கு இன்னும் இருபது நாள் இருக்குதுங்களே சார்.”

“அப்படீங்களா?” பொறியாளர் விரலை மடக்கி எண்ணினார். “அட, ஆமாங்க. அப்ப இது தரக்குறைவான மருந்து. அதுக்கும் வெச்சிருந்தவருதான் பொறுப்பாகோணும். கூடையை இங்க காட்டாதீங்க, லட்சுமணசாமி கண்ல பட்டா இன்னொரு வழக்கு போட்டுருவாரு.”

அமிர்தநாதன் கூடையைக் கீழே வைத்தார். “தென்கரையில இன்னும் பாதி உசுரோட நிக்குதுங்க. இப்ப மூடினாக் கூடப் பொழச்சுக்கும். அந்தக் குழாயை எப்பங்க மூடுவீங்க?”

“குழாய்க்கு நோட்டீஸ் குடுக்கோணும்னா கசிவு இருக்கோணுமுங்க. நானே குனிஞ்சு பாத்தேன். நெம்ப நல்ல குழாய். ஒரு சொட்டு வெளிய சிந்தாம, பூராவும் குளத்துக்குத்தான் போகுது.”

அன்று அமிர்தநாதன் நன்றி சொல்லாமல் இறங்கினார்.

ஊர் திரும்பியவர் வீட்டுக்குள் நுழையவில்லை. கொல்லையில் மடித்துக் கிடந்த வலைகள் மூன்றையும் தோளில் தூக்கிக்கொண்டு வடகரைக்கு நடந்தார். வலையைப் பந்தாகச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தார். மிதித்து உள்ளே தள்ளினார். பிறகு திரும்பி, தம் முதுகை அதன்மேல் சார்த்தி, காலைச் சேற்றில் ஊன்றி உட்கார்ந்துகொண்டார். குழாய் முதுகில் உதைத்தது. அவர் அசையவில்லை.

தொழிற்சாலைக் காவலாளி தொலைபேசியில் ஒரு சொல் சொன்னான். ஏழு மாதங்களாக ஒரு கோப்பை மேசையிலிருந்து மேசைக்கு நகர்த்த இயலாதிருந்த அரசு, இருபத்திரண்டே நிமிடங்களில் இரண்டு ஜீப்பும் ஒரு காவல்துறை உதவி ஆய்வாளரும் ஆறு காவலர்களுமாகக் குளக்கரைக்கு வந்து சேர்ந்தது. அடுத்த ஜீப்பில் கிருபாசங்கரும் லட்சுமணசாமியும் வந்தார்கள். டீசலைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

“அமிர்தநாதன், எந்திரிங்க” என்றார் லட்சுமணசாமி. “அத்தியாவசிய மருந்து வழங்கலைத் தடுக்கறது பிணையில்லாத குற்றமுங்க.”

“கைது பண்ணிக்குங்க. குழாய் மூடியிருக்கட்டும்.”

நான்கு காவலர்கள் அவரைத் தூக்கிச் சென்று ஜீப்பில் ஏற்றினார்கள். ஐந்தாமவர் வலைகளைப் பிடுங்கிச் சான்றுப்பொருளாக எடுத்துக்கொண்டார். குழாய் இருமிவிட்டுப் பாய்வதற்கு வாயைத் திறந்தது. அதற்குள், ஜீப்புகளைக் கண்டு ஓடிவந்திருந்த அமலி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கினாள்; வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணையையும் பழைய சாக்கையும் குழாயின் வாயில் அழுத்தி, கணவர் அமர்ந்த இடத்தில் அவரைப்போலவே அமர்ந்துவிட்டாள்.

“ஏம்மா, எந்திரி!” என்று உதவி ஆய்வாளர் அதட்டினார்.

“வந்து தூக்கிக்குங்க சாமி.”

ஒரு காவலர் காலடி எடுத்து வைத்தார். உதவி ஆய்வாளர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். பெண்ணைக் கைது செய்யப் பெண் காவலர் வேண்டும், விதி. பெண் காவலரை வரவழைக்க மகளிர் நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், அதுவும் விதி. கடிதத்தில், தடுக்கப்படுவது மருந்தா தண்ணீரா என்பதைக் குறிப்பிட வேண்டியிருந்தது. மருந்து என்று லட்சுமணசாமி சொன்னார். அப்படி எழுதினால் குழாயில் மருந்து வருவதை வாரியம் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று கிருபாசங்கர் மறுத்தார். தண்ணீர் என்று எழுதினால் வழக்கே நில்லாது என்று லட்சுமணசாமி சொன்னார். இருவரும் தத்தம் மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார்கள். இறுதியில் ‘திரவம்’ என்று எழுத உடன்பாடு ஏற்பட்டது. கடிதம் போய், முத்திரை பெற்று, மகளிர் நிலையத்திலிருந்து ஆள் வந்து சேர மூன்று மணி நாற்பது நிமிடம் ஆயிற்று.

அந்த மூன்று மணி நாற்பது நிமிடமும் குழாய் மூடியே இருந்தது. நெட்டாங்குளத்து மீன்களுக்கு அரசின் விதியொன்று உதவியது அவ்வளவு நேரமே.

வந்தவள் வர்ஷினி என்னும் இளம் காவலர். சரிவில் இறங்கி அமலியின் முன்னே மண்டியிட்டாள். அமலியின் முதுகு முழுதும் நனைந்திருந்தது.

“எந்திரிங்க அம்மா. நான் வந்துட்டேன். கடுதாசி எல்லாம் சரியா இருக்குது.”

அமலி அவள் கையைப் பற்றிக்கொண்டாள். “கண்ணு, நீயும் ரூலெல்லாம் படிச்சிருப்பியல்லோ. இன்னொரு கடுதாசி எழுதற மாதிரி ஏதாச்சும் ரூலு இருக்குதான்னு சித்தெ யோசிச்சுப் பாரு.”

வர்ஷினி உண்மையாகவே யோசித்தாள். மேலே நின்றவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும்வரை யோசித்தாள். பிறகு, அமலியின் தோளுக்கடியில் கைகொடுத்து மெல்லத் தூக்கினாள்.

குழாயில் திரவம் வந்தது.